சீட்டும் நாணயமும்

சொந்த ஊரில் வாழும் ஒருவனுக்கு நள்ளிரவில் திடீரென ஐயாயிரம் ரூபாய் தேவைப்பட்டால், தட்டுவதற்கு நான்கு கதவுகள் உண்டு. சித்தப்பன் வீடு, மாமன் வீடு, உடன் பயின்ற தோழன் வீடு, தந்தை காலம் முதல் பற்று வைத்திருக்கும் மளிகைக் கடை என அவை வரிசையாய் நிற்கும். பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறிய நம்மவர்க்கு அக்கதவுகள் இல்லை. வங்கியில் சென்று கேட்டாலோ, ஈடு வைக்க நிலம் உண்டா, உள்ளூரில் பிணை நிற்பார் உண்டா என்ற வினாக்கள் எழுகின்றன. நிலமும் ஊரிலே, பிணை நிற்கத்தக்க உறவினரும் ஊரிலே. இந்நிலையில், குடிபெயர்ந்த குடும்பங்கள் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட கதவுதான் சீட்டு. அதனால் விளையும் நன்மையையும், அதில் நாம் பட்ட ஒரு பாட்டையும் நம் இதழின் நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

நாம் வாழ்வது பாறசாலைப் பக்கம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் தெளிவாக உளது. கடைத்தெருவில் அவ்வளவு தெளிவாக இல்லை. களியக்காவிளைச் சந்தையில் மீன் வாங்கி இஞ்சிவிளையில் சமைப்பாரும், பனச்சமூட்டில் தேநீர் அருந்திக்கொண்டே இரு மொழியிலும் வழக்காடுவாரும் இங்கு உண்டு. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறந்த பின்னர், காலை வண்டியில் எல்லை கடந்து வேலைக்கு வருவோரும், வந்த இடத்திலேயே வாடகைக்குக் குடியமர்ந்தோரும் பெருகினர். இவ்வட்டத்திலுள்ள பாலராமபுரத்துக்கு, 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து சாலியர் குடும்பங்கள் நெசவுக்காக வரவழைக்கப்பட்டன. ஆகவே குடிபெயர்ந்து வந்து இம்மண்ணில் வேரூன்றுதல் நமக்குப் புதிய செய்தி அன்று.

சீட்டு என்பது யாது?

நேயர்களுள் பலர் சீட்டுக் கட்டியவரே ஆயினும், இளைஞர் பொருட்டுச் சிறிது விளக்குவோம். இருபது பேர் கூடி மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் இடுகின்றனர் எனக் கொள்வோம். மாதந்தோறும் 20,000 ரூபாய் சேரும். அத்தொகையை ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்வார். இருபதாம் மாதத்தில் யாவரும் ஒருமுறை எடுத்திருப்பர். எவர் எடுப்பது என்பதைத் திருவுளச் சீட்டிட்டுத் தீர்மானிப்பது குலுக்குச் சீட்டு. ஏலம் கூறித் தீர்மானிப்பது ஏலச்சீட்டு. ஏலத்தில் அவசரமுள்ள ஒருவர், '16,000 கிடைத்தாற் போதும்' என்று தள்ளி எடுத்தால், தள்ளிய 4,000இல் சீட்டுப் பிடிப்பவரின் கழிவு 1,000 போக, எஞ்சிய 3,000 இருபது பேருக்கும் 150 ரூபாயாகப் பிரியும். முன்னர் எடுத்தவர்க்கு அது கடன். கடைசியில் எடுப்பவர்க்கு அது சேமிப்பு. ஒரே பெட்டிக்குள் கடனும் சேமிப்பும் கைகோத்து நிற்பதே இதன் நுட்பம்.

தமிழில் சீட்டு என்பதை இங்குச் சிட்டி என்கின்றனர். வடக்கே திருச்சூர்ப் பக்கம் குறி என்கின்றனர். சீட்டுப் பிடிப்பவருக்குத் தலையாள் என்று பெயர். உடன்படிக்கைப் பத்திரத்துக்கு வரியோலை என்று பெயர். ஓலையில் எழுதிய காலத்துச் சொல் சட்டப் புத்தகத்திலும் இடம்பெற்றது, இவ்வழக்கத்தின் பழைமையைக் காட்டும். திருவிதாங்கூர் அரசு கொல்லம் ஆண்டு 1120இல், அதாவது 1944-45இல், சிட்டிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 1969இல் கேரள அரசே திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள மாநில நிதி நிறுவனத்தை நிறுவிச் சிட்டி நடத்த முன்வந்தது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கிளிபோர்டு கீர்ட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1962இலும், சர்லி ஆர்டெனர் என்னும் ஆங்கில நாட்டு அம்மையார் 1964இலும், ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வழங்கும் இத்தகைய சுழல்நிதிக் கூட்டங்களை ஆராய்ந்து எழுதினர். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் எல்லையில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் நிகழும் மொய் விருந்தும், மலபாரில் வடகரைப் பக்கம் நிகழும் பணப்பயற்றும் இதற்கு உறவு முறையே. இலங்கையில் 1935ஆம் ஆண்டிலேயே சீட்டுகளுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. மலேசியாவிலோ 1971ஆம் ஆண்டுச் சட்டம் இதனை அறவே தடை செய்தது. 'கூட்டு' என்னும் நம் சொல் அத்தடைச் சட்டத்தின் பெயரிலேயே நிற்கிறது. ஓரிடத்தில் அரசே நடத்துகிறது. ஓரிடத்தில் அரசே தடுக்கிறது. ஏழையின் கதவாகவும் ஏமாற்றுவோனின் பொறியாகவும் ஆகவல்ல ஒன்றாக இஃது இருப்பதே காரணம்.

நம் தெருவில் நிகழ்ந்தது

2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் நம் தெருவில் ஒரு குலுக்குச் சீட்டுத் தொடங்கிற்று. இருபது குடும்பங்கள், மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய், தொகை 40,000. கழிவு கிடையாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே இட்டிலிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார் தலையாளாக நின்றார். தெருவில் தமிழர்க்கு அவர் அக்கா. சீட்டில் இருந்த இரு மலையாளக் குடும்பங்களுக்குச் சேச்சி. கொத்தனார், தையற்காரர், ரொட்டிக்கடைத் தொழிலாளர், பாத்திர வியாபாரி, மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் தாய்மார் எனப் பலரும் சேர்ந்தனர். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவர் என்ற காரணத்தால் கணக்கெழுதும் பணி நம்மிடம் வந்தது.

மூன்றாம் மாதக் குலுக்கலில் ஒரு கொத்தனாருக்குச் சீட்டு விழுந்தது. மகளின் படிப்புக் கட்டணத்துக்கு அப்பணம் சென்றது. நான்காம், ஐந்தாம் தவணைகள் குறித்த 5ஆம் தேதியிலேயே வந்தன. ஆறாம் தவணை 19ஆம் தேதி வந்தது. ஏழாம் தவணை 27ஆம் தேதி வந்தது. எட்டாம் மாதம் அவர் வீடு பூட்டியிருந்தது, கைபேசி அணைந்திருந்தது. இரவோடு இரவாகக் குடும்பத்தோடு ஊரை விட்டுச் சென்றுவிட்டார் என்று பக்கத்து வீட்டார் கூறினர்.

அவர் எடுத்தது 40,000. கட்டியது 14,000. நின்றது 26,000.

அன்று மாலை அக்காவின் கடைத் திண்ணையில் சீட்டினர் கூடினர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி நம் கணக்குப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"தம்பி, இதை அடகு வைத்துக் கணக்கை நேர் செய்துவிடுங்கள். ஆளைச் சேர்த்தது நான். பொறுப்பும் எனக்குத்தான்" என்றார்.

சற்று நேரம் அமைதி நிலவியது. பின்னர்த் தையற்காரரின் மனைவி, "அவரைச் சேர்க்கும்போது நாங்களும்தானே தலையாட்டினோம், அக்கா? நீங்கள் மட்டும் எப்படிப் பொறுப்பாவீர்கள்?" என்றார்.

நாம் தாளில் கணக்கிட்டோம். மாதந்தோறும் குறைவது 2,000. எஞ்சிய பத்தொன்பது பேரும் பகிர்ந்தால், ஆளுக்கு மாதம் 106 ரூபாய் கூடுதல். பதின்மூன்று மாதத்துக்கு ஆளுக்கு 1,378 ரூபாய். ஒரே வீட்டின்மேல் விழுந்தால் சங்கிலியைக் கொண்டுபோகும் சுமை, பத்தொன்பது வீட்டின்மேல் பரவினால் மாதத்துக்கு 106 ரூபாய்!

ஆயினும் யாவரும் உடனே இசைந்துவிட்டனர் எனக் கூறின் அது பொய்யாகும். பாத்திர வியாபாரி எழுந்து, "நான் இன்னும் சீட்டே எடுக்கவில்லை. வேறொருவர் எடுத்துச் சென்ற பணத்துக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? நாளைக்கு இன்னொருவர் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அவருக்கு விடை கூற எவரிடமும் எழுத்து இல்லை. யார் தவறினால் யார் பொறுப்பு என்பதைத் தொடக்கத்தில் ஒருவரும் பேசவே இல்லை. இரவு பத்து மணி வரை வாதம் நடந்தது. இனி எடுப்பவர் ஒவ்வொருவருக்கும், இன்னும் எடுக்காத ஒருவர் பிணையாகக் கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாட்டின்பேரில் அவர் இசைந்தார். சங்கிலி அக்காவின் கழுத்துக்குத் திரும்பியது. சீட்டு 2023 நவம்பரில் ஒருவர்க்கும் குறையின்றி முடிந்தது.

நம் பிழை

மறுமாதம் அக்கொத்தனாரிடமிருந்து அக்காவுக்குச் செய்தி வந்தது. ஏழாம் தவணைக்கு முன்பே அவர் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்திருக்கிறார். கூலி நின்றது, ஏழாம் தவணையைக் கைமாற்று வாங்கிக் கட்டியிருக்கிறார். எட்டாம் தவணைக்கு வழியில்லை. இருபது பேர் முன் நின்று 'இல்லை' என்று சொல்ல நாணி ஊருக்குச் சென்றுவிட்டார்.

கேட்டபோது நமக்கு ஒரு நினைவு நெஞ்சை உறுத்திற்று. 19ஆம் தேதி என்றும், 27ஆம் தேதி என்றும் நம் கையாலேயே எழுதினோம். அலுவலகத்தில் ஒரு சரக்குச் சீட்டு இரண்டு நாள் தாமதித்தால் சிவப்பு மையால் குறிப்பெழுதும் நாம், தெருவில் ஒரு மனிதர் இருபத்திரண்டு நாள் தாமதித்ததைக் கண்டும் வாளாவிருந்தோம். கேட்டால் மனம் நோகுமே என்று எண்ணினோம். அந்தத் தயக்கத்தையே நாகரிகம் என்றும் கருதினோம். 'அண்ணே, வீட்டில் ஏதும் தொல்லையா?' என்று தனியே ஒரு சொல் கேட்டிருந்தால், அவர் ஊரை விட்டு ஓடியிருக்க மாட்டார்.

நம்பிக்கை என்பது கேளாதிருத்தல் எனப் பலரும் எண்ணுகின்றனர். இந்நிகழ்ச்சிக்குப் பின் நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. நம்பிக்கையுள்ள இடத்தில்தான் ஒருவர் கேட்கவும், மற்றவர் 'இம்மாதம் இயலவில்லை' என்று கூசாமற் கூறவும் முடியும். சீட்டில் சேர ஒரு வாயில் இருப்பதுபோல, இடர் வந்தபோது வாய்விட்டுச் சொல்லவும் ஒரு வாயில் வேண்டும். அது இல்லாத சீட்டு, நல்லவனையும் ஓடுகாலி ஆக்கிவிடும்.

சட்டம் கூறுவது

இதற்குப் பின்னர்ச் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரை அணுகினோம். அவர் கூறியது நம்மைத் திடுக்கிடச் செய்தது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் மத்தியச் சட்டமாதலால் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றே. கேரளத்தில் அது 2012 முதல் நடைமுறையில் உளது. அதன்படி, மாநில அரசின் முன் அனுமதியும் பதிவும் இன்றிச் சீட்டு நடத்துதல் குற்றமாகும். மிகச் சிறு தொகைகளுக்கே விலக்கு உண்டு. தெரு மக்கள் நல்லெண்ணத்தோடு நடத்தினோம் என்பது சட்டத்தின் முன் விடையாகாது. ஏமாந்தவர் வழக்காடச் சென்றாலும், பதிவில்லாச் சீட்டுக்கு நிற்க இடம் அரிது.

பதிவு பெற்ற சீட்டுக்கு அச்சட்டம் விதிக்கும் ஒழுங்குகளைக் கேட்டபோது, நம் திண்ணையில் இரவு பத்து மணி வரை நாம் தேடிய விடைகள் பலவும் அதில் முன்னரே எழுதியிருப்பதைக் கண்டோம். தலையாள் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். சீட்டு எடுத்தவர், எஞ்சிய தவணைகளுக்கு ஈடு தர வேண்டும். ஒவ்வொரு குலுக்கலும் ஏலமும் சீட்டினர் இருவரேனும் முன்னிலையில் நடைபெற்று, நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையொப்பமிடப்பட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காணொலி வழியாகவும் அவ்விருவர் இருக்கலாம். தனி மனிதர் நடத்தும் சீட்டின் உச்ச வரம்பு 1 இலட்சத்திலிருந்து 3 இலட்சமாக உயர்ந்தது. தலையாளின் கழிவு நூற்றுக்கு 5 என்பது 7 ஆயிற்று.

மற்றொன்றையும் இங்கே நினைவூட்டுவோம். 'நீர் மூவரைச் சேர்த்தால் உமக்கு இவ்வளவு' என்று சொல்லி வரும் திட்டங்கள் சீட்டு அல்ல. அத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. சீட்டில் வரும் பணம், அமர்ந்திருக்கும் இருபது பேரின் பணம். எங்கிருந்து வருகிறது என்று விரல் விட்டுக் காட்டலாம். காட்ட முடியாத பணத்தை வாக்களிப்பவரிடம் எட்டியே நிற்க.

இப்பொழுது நாம் செய்வது

தெருச் சீட்டை மீண்டும் தொடங்கவில்லை. பெருந்தொகை வேண்டுவோர் அரசு நிதி நிறுவனத்தின் சிட்டியில் சேர்ந்தனர். அங்கே தொகை எடுப்பதற்குப் பிணை கேட்பர். அது நம்மவர்க்குச் சிறிது தொல்லையே. ஆனால் முதல் சில ஆண்டுகள் எடுக்காமல் கட்டி வருவோர்க்கு, கட்டிய பணமே துணை நிற்கும். அயல்நாட்டில் வாழும் கேரளத்தார்க்கென 2018இல் அந்நிறுவனம் பிரவாசிச் சிட்டியைத் தொடங்கியது. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளையுடைய எல்லை ஊர்க் குடும்பங்கள் அதனை விசாரித்து அறிதல் நலம். பெண்கள் சிலர் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் சேர்ந்துள்ளனர். 1998இல் தொடங்கிய இவ்வியக்கத்தில், வீட்டுக்கு ஒரு பெண்ணாகப் பத்து முதல் இருபது பேர் கூடிச் சிறுகச் சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்து வாங்குகின்றனர்.

தெருவில் எஞ்சி நிற்பது ஒரு சிறு கைத்தாங்கல் நிதி மட்டுமே. அதற்கு வித்து யார் இட்டது தெரியுமா? அதே கொத்தனார்தான். 2024 சனவரி முதல் மாதம் 1,000 ரூபாயாக அவர் அனுப்பத் தொடங்கினார். பத்தொன்பது பேருக்கும் அதைச் சில்லறையாகப் பிரிப்பதைவிட, தனியே வைத்து இடருற்றார்க்கு உதவலாம் என்று முதலில் கூறியவர், அன்று எதிர்த்து வாதாடிய பாத்திர வியாபாரி. பின்னர் ஒவ்வொரு வீடும் மாதம் 100 ரூபாய் சேர்க்க இசைந்தது. இதை எழுதும் வரை கொத்தனார் 17,000 கட்டிவிட்டார், 9,000 நிற்கிறது. எவரும் அவரை நெருக்குவதில்லை. தேதி தவறினால் மட்டும் நாம் அழைத்து நலம் விசாரிக்கிறோம்.

எத்தகைய கூட்டு நிதியில் நேயர்கள் சேர்ந்தாலும், பட்டறிந்த நாம் கூறத்தக்கவை இவை:

முதலாவது, முகம் அறிந்தவர் அளவில் கூட்டம் நிற்க வேண்டும். ஒருவர்க்கு இடர் வந்தால் மறுநாளே தெரியும் தொலைவில் யாவரும் இருத்தல் நன்று.

இரண்டாவது, தொடங்கும் முன்பே எழுத்து வேண்டும். தவணை, தேதி, எடுக்கும் முறை, தவறினால் பொறுப்பு யாருக்கு என்பவற்றை எழுதி, படிக்கத் தெரியாதவர்க்கு வாசித்துக் காட்டி, அனைவரும் கையொப்பமிட வேண்டும்.

மூன்றாவது, கணக்கு ஒருவர் பெட்டியில் உறங்கக் கூடாது. கைபேசி வழியாகப் பணம் அனுப்பினாலும், மாதம் ஒருமுறை எல்லார் முன்னும் புத்தகத்தை வாசிக்க வேண்டும்.

நான்காவது, இயலாமையைச் சொல்ல வழி வேண்டும். தேதிக்கு முன்னரே தலையாளிடமோ கணக்கரிடமோ தனியே தெரிவித்தவர்க்கு இரண்டு தவணை வரை பொறுத்தல் என்று விதியே இருக்கட்டும். இருபது வீடுகள் மாதம் 100 ரூபாய் தனியே ஒதுக்கினால், அதுவே 2,000 ஆகி ஒரு வீட்டின் தவறிய தவணையைத் தாங்கிவிடும்.

ஐந்தாவது, இழப்பைத் தலையாள் ஒருவரின் தலையில் கட்டிவிட்டு மற்றவர் ஒதுங்குதல் கூடாது. ஆளைச் சேர்க்கும்போது தலையாட்டியவர் அனைவரும் பொறுப்பில் பங்குடையர்.

நேயர்களே, வந்த ஊரில் நமக்குச் சித்தப்பன் வீடும் மாமன் வீடும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி மாலையில் அக்காவின் கடைத் திண்ணையில் பத்தொன்பது வீடுகள் கூடுகின்றன. நூறு ரூபாய்த் தாளைக் கொடுக்குமுன் அக்கா ஒவ்வொருவரையும் பார்த்து, "வீட்டில் எல்லாரும் சுகந்தானே?" என்று கேட்கிறார். முன்னர் அதனை உபசாரச் சொல் என்றே கொண்டோம். இப்பொழுது, விடை வரும்வரை நாம் பேனாவைத் திறப்பதில்லை.